மேல் ஸாவுக்கு முன்னால் திரும்பும் ராகங்கள்

அன்புள்ள விசிலுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் அக்காவும் சௌக்கியம். அங்கே நீ, சகலை, குட்டி மூவரும் சௌக்கியமாக இருக்கவேண்டும். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாமே. பொக்கை வாயோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. கடையில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு முகவரி தெரிந்தும் கடை முகவரிக்கு அனுப்பியிருந்தாய். பிரிப்பதற்கு முன்பே இது எனக்கு மட்டுமான கடிதம் என்று புரிந்துவிட்டது. நீ எழுதியிருந்ததை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன், பதில் சரியாக வருகிறதா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். "அக்காவுக்கு என் மேல என்ன கோபம் அத்தான்? போனை எடுக்கறதே இல்ல. எப்பவாவது ரெண்டு வார்த்தை மெசேஜ் வருது. அதுவும் போன மாசம் திடீர்னு, 'நம்ம நவரோஜ் பாட்டோட ரெண்டாவது சரணம் என்ன?'னு ஒரே ஒரு வரி. நான் உருகி உருகி எழுதி அனுப்பினா, 'சரி'ன்னு ஒரு பதில். நான் அவளுக்குத் தங்கச்சியா, பாட்டுப் புத்தகமா?"

கேள்வி நியாயமானதுதான். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் வீட்டில் போன் பேசினால் மாடி வீட்டுக்காரருக்கே கேட்கிறது, அக்காவுக்குக் கேட்காதா? கடையிலிருந்து பேசலாம் என்றால், பாதிப் பேச்சில் யாராவது வந்து தூரப்பார்வை, கிட்டப்பார்வை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னொன்று, போனில் நீ அழுதால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அதனால் மத்தியானத்தில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே மை மாறியிருந்தால் கண்டுகொள்ளாதே. கடையில் யார் பேனாவை யார் எடுத்துப் போகிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

முதலில் நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா கச்சேரி செய்தாள். தனியாக. நன்றாகவே பாடினாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். இனிமேல் படிக்கப் போவதில் எதைப் பார்த்து உனக்குப் பகீரென்றாலும் திரும்பி இந்தப் பத்திக்கு வந்துவிடு.

நீங்கள் விமானம் ஏறிய சில மாதங்களில் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவனுக்குப் பாடுகிறவர்களின் முதுகும், பக்கவாட்டில் கழுத்தும்தானே தெரியும்? எச்சில் விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கியது. தைராய்டு என்றார்கள். சோதித்துப் பார்த்ததில் கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது, பயப்படாதே. ஆனால் அது வளர்ந்துகொண்டே போய் மூச்சை அழுத்த ஆரம்பித்தது. எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பக்கத்திலேயே குரலுக்குப் போகிற நரம்புகள் நூல் மாதிரி ஓடுகின்றன, என்னால் முடிந்தவரை பார்த்துக்கொள்கிறேன் என்றும் மறைக்காமல் சொன்னார். நன்றாகத்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேச்சுக்கான நரம்பு பிழைத்தது. குரலை உச்சத்துக்கு இழுத்துப் பிடிக்கிற மெல்லிய நரம்பு ஒன்று பிழைக்கவில்லை.

உனக்குச் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலிலேயே நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அவ போறதுக்கே மனசு வராம போனவ. 'நீ தனியா எப்படி அக்கா பாடுவே'ன்னு ஏர்போர்ட்ல நின்னு அழுதவ. இப்ப இதைச் சொன்னா, வேலை, புருஷன், குழந்தை எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு அடுத்த பிளேன்ல வந்து நிப்பா. வேண்டாங்க" என்றாள். நீ அப்படி வந்து நின்றிருப்பாயா இல்லையா, நீயே சொல்.

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் அவளுக்குக் குரலே இல்லை. காற்றுதான் வந்தது. வீட்டில் சண்டை போடக்கூட வழியில்லாமல் ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவள் கோபமாக எழுதி முடிப்பதற்குள் நான் சமாதானம் ஆகிவிடுவேன். பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தியிடம் போனோம். பாட்டென்றால் என்னவென்றே தெரியாத பெண், ஆனால் கெட்டிக்காரி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்டிராவை விட்டு 'ஊ' என்று ஊதச் சொன்னாள். தினமும், குமிழி குமிழியாக. எத்தனையோ மேடை ஏறிய உன் அக்கா சமையலறை மேஜையில் உட்கார்ந்து தண்ணீரில் குமிழி விடுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் இன்னொரு ஸ்டிராவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஊதினோம். என் குமிழிகள் அவளுடையதைவிடப் பெரியவை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பேச்சு திரும்பியது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனம், ஆனால் பேச்சுதான். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் வர்ணம் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கீழே எல்லாம் இருந்தது. பஞ்சமம் இருந்தது. தைவதம் இருந்தது. நிஷாதம் தட்டுத் தடுமாறி வந்தது. அதற்கு மேல், சைக்கிள் டியூபிலிருந்து காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் கீழே இருந்து ஏறினாள். மறுபடியும் அதே இடம், அதே சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "துணி காஞ்சிருச்சா பாத்தீங்களா?" என்று கேட்டாள். காய்ந்துவிட்டது என்றேன். நான் கொடியையே பார்க்கவில்லை.

ஸ்ருதியை இறக்கிப் பாடேன் என்று நான் சொல்லாமல் இல்லை. ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலுக்கு இறக்கிப் பார்த்தோம். தம்புராவுக்குக் கம்பியெல்லாம் மாற்றினேன். அதுவும் போதவில்லை. அதற்கும் கீழே இறக்கியபோது மேலே கொஞ்சம் வழி கிடைத்தது, ஆனால் கீழே குரல் மண்ணில் புதைந்துவிட்டது. அவளே நிறுத்திவிட்டு, "இது யாரோ பாடற மாதிரி இருக்குங்க. எனக்கு அவளைப் பிடிக்கல" என்றாள். அதோடு தம்புராவுக்கு உறை போட்டு அலமாரி மேல் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். உன் போன் வந்தால் எடுக்காமல் இருந்ததெல்லாம் இந்தக் காலத்தில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் திட்டம் போட்டு நடத்தியிருக்க முடியாது. ஒரு நாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே ஏதோ முனகினாள். முனகுவது நல்ல அறிகுறி என்று நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. முனகல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டாகிவிட்டது. அது நவரோஜ். உங்கள் பாட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்து, நீங்கள் மேடையில் பாடவே பாடாத அந்தப் பாட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிந்த பிறகு என் சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க, இது எங்கேயும் இடிக்கலையே" என்றாள்.

உனக்குத் தெரியாததில்லை. ஆனால் சகலை இதைப் படித்தால் அவருக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். பெரும்பாலான ராகங்கள் கீழ் ஸாவில் கிளம்பி மேல் ஸாவில் போய் நிற்கும். சில ராகங்கள் மட்டும் அந்தக் கடைசிப் படியில் கால் வைக்காமலே திரும்பிவிடும். அப்படித்தான் அவற்றைப் பாடவேண்டும் என்பது வழக்கம். நவரோஜ் பஞ்சமத்தோடு திரும்பும். குறிஞ்சி தைவதத்தோடு திரும்பும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, செஞ்சுருட்டி, சித்தரஞ்சனி எல்லாம் நிஷாதத்தோடு சரி. கச்சேரியில் இவற்றை முழுசாக எடுத்துப் பாடுகிறவர்கள் குறைவு. கடைசியில் சின்னப் பாட்டாக ஒன்று வந்தால் உண்டு. சித்தரஞ்சனி அதுவும் இல்லை.

அன்று சாயங்காலமே தம்புரா அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வீடு வேறு வீடு. மறந்துபோன பாட்டுகளைத் தோண்டி எடுப்பதே வேலை. சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே "அனுபல்லவி வந்துருச்சு!" என்று கத்துவாள். சில பாட்டுகளுக்கு ராகம் இருந்தது, வார்த்தை இல்லை. சிலவற்றுக்கு வார்த்தை இருந்தது, தாளம் இல்லை. நவரோஜுக்கு மட்டும் இரண்டாவது சரணம் வரவே இல்லை. "அவளுக்குத் தெரியும். அவளுக்கு எப்பவுமே ரெண்டாவது சரணம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உனக்கு அந்த ஒற்றை வரியை அனுப்பினாள். உன் பதில் வந்ததும் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. 'சரி' என்று உனக்கு எழுதுவதற்கு முன்னால் வேறு என்னென்னவோ எழுதி எழுதி அழித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இதற்கு நடுவில் நம் இசைச் சங்கச் செயலாளர். பல் டாக்டரை உனக்கு மறந்திருக்காது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறவர்களிடமே பேசிப் பழகிய மனிதர், பதில் வராவிட்டாலும் பேச்சை நிறுத்த மாட்டார். இந்த வருஷக் கச்சேரிக்கு அக்காதான் என்று அவராகவே முடிவு செய்து, அவராகவே தேதி குறித்து, அவராகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நான் பாடறேன் டாக்டர். ஆனா என்ன பாடறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லி, ராகங்களின் பேரை வரிசையாகச் சொன்னாள். மனுஷன் முதல் தடவையாக வாயடைத்துப் போனார். பிறகு, "மெயின் அயிட்டம் புன்னாகவராளியா? பாம்பு கீம்பு வந்துடப் போகுதும்மா" என்று சிரித்தார். மறுவாரம் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. 'மேடைகளில் கேட்கக் கிடைக்காத அரிய ராகங்கள், அரிய உருப்படிகள். பல ஆண்டு ஆராய்ச்சியின் பலன்' என்று போட்டிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, "போக முடியாத ஊருக்கு எவ்வளவு அழகா வழி சொல்லியிருக்காரு பாருங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

கடையில் ஆள் வந்துவிட்டது. மீதியை நாளை எழுதுகிறேன்.

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வந்தவர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தவர். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

கச்சேரி, நாம் வழக்கமாகப் பாடும் அந்தப் பள்ளிக்கூட ஹாலில். லிஃப்டில் தம்புராவை நிறுத்தினால் நான் நிற்க முடியாது, நான் நின்றால் தம்புரா நிற்க முடியாது என்பதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது. மேடைக்கு மேலே ஒரு டியூப்லைட் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அது நம் ஸ்ருதியில் இல்லை என்று அணைக்கச் சொல்லிவிட்டாள். மைக்காரர் ஒரே மைக்கை மேடை நடுவில் வைத்திருந்தார். அக்கா போய் உட்கார்ந்தது வலது பக்கமாக, எப்போதும் உட்காருகிற இடத்தில். அவர் மைக்கைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே வைத்துவிட்டு, "நடுவுல உக்காந்தா நல்லா இருக்கும்மா" என்றார். "பழக்கம் தம்பி" என்றாள். விரிப்பில் அவளுக்கு இடது பக்கம் பாதி சும்மா கிடந்தது.

நல்ல கூட்டம். ஆராய்ச்சி என்று போட்டதால் பேனா பேப்பரோடு வேறு கொஞ்சம் பேர். வயலினுக்கு நம் கணக்கு வாத்தியார்தான். மிருதங்கத்துக்கு ஒரு புதுப் பையன், நல்ல வாசிப்பு, ஆனால் கை கனம். "கொஞ்சம் பூ மாதிரி வாசிப்பா" என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். வாத்தியாரிடமும் ஆபரேஷன் விஷயம் சொல்லவில்லை, பாட்டுப் பட்டியல் மட்டும் கொடுத்திருந்தாள்.

சித்தரஞ்சனியில் ஆரம்பித்தாள். முதல் வரி வந்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் மாறியிருக்கிறதே என்கிற பார்வை. அவளோ அதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் அந்தப் பார்வை போய்விட்டது. நாதநாமக்கிரியை பாடும்போது யாரும் பேனாவைத் தொடவில்லை. இந்தக் கரகரப்பில் அந்த ராகம் எப்படி இருந்தது தெரியுமா? மழை விட்ட பிறகு ஈரச் சுவரில் கை வைத்த மாதிரி இருந்தது. நான் பாட்டைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் அப்படித்தான் இருந்தது. நவரோஜ் வந்தபோது உன் இரண்டாவது சரணத்தை நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினாள். அதைப் பாடி முடித்தபோது கேட்கிறவர்களுக்குத் தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். முதுகுக்குப் பின்னால் இருப்பவனுக்குத் தெரியும்.

பிறகு புன்னாகவராளி. ஆலாபனையைக் கீழேயே வெகு நேரம் சுற்றிச் சுற்றி வந்து, அவசரமே இல்லாமல் ஏறினாள். உச்சியில் இருக்கிற நிஷாதம்தான் எனக்குப் பயம். வீட்டில் அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. தைவதத்தில் நின்றாள். மூச்சு எடுத்தாள். போனாள். குரல் கிழிந்தது, விசில். பழைய துணி கிழிகிற மாதிரி மெல்லிய ஒரு சத்தம். ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். என் விரல் தம்புராவில் தடுமாறியது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொடையில் ஒரு விரலால் தட்டினாள். ஸ்ருதியை நிறுத்தாதீர்கள் என்று அர்த்தம். மறுபடியும் கீழே இறங்கி, மறுபடியும் அதே வழியாக ஏறி, இந்தத் தடவை நிஷாதத்தைக் குத்தாமல், பக்கத்தில் போய் நின்று மெதுவாகத் தோளில் கை போடுகிற மாதிரி போட்டாள். நின்றது. ஆடிக்கொண்டே நின்றது. அந்த ராகத்துக்கு அந்த ஆட்டம்தான் அழகு போலிருக்கிறது. கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா "ஐயோ" என்றார். பாராட்டில் அது ஒரு ரகம்.

வாத்தியார் வயலினில் பதில் சொல்லும்போது அதே நிஷாதம் வரை வந்து, வில்லை அழுத்தாமல், அவள் நின்ற மாதிரியே நின்று திரும்பினார். கச்சேரி முடிந்து படி இறங்கும்போது என்னிடம் சொன்னார். "ரெண்டாவது பாட்டுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். எந்தப் பாட்டும் மேல் ஸாவுக்குப் போகல. கணக்கு வாத்தியார்கிட்டயே கணக்கை மறைச்சா எப்படி?"

முடிக்கப் போகிற நேரத்தில்தான் அது நடந்தது. முன்வரிசையில் எப்போதும் உட்காருகிற ரிட்டயர்டு நீதிபதி, அவர் எழுந்து நின்று, "அம்மா, தங்கச்சி ஊர்ல இல்லைன்னு தெரியும். ஆனாலும் ஆசைய அடக்க முடியல. நீங்க ரெண்டு பேரும் பாடுவீங்களே, அந்த பெஹாக் பாட்டு. ஒரே ஒரு வரியாவது" என்றார். உடனே பின்னால் நாலு பக்கமிருந்தும் ஆமாம் ஆமாம் என்று குரல். பல் டாக்டரும் கை தட்டுகிறார், பாவம், அவருக்கென்ன தெரியும்.

எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும். பல்லவி முடிவில் ஒரே பாய்ச்சலாக மேல் ஸாவுக்குப் போய் நீ நிற்பாயே, கீழே அக்கா சுற்றிச் சுற்றி வருவாளே, உனக்கு விசில் என்று நான் பேர் வைத்ததே அந்த இடத்தைக் கேட்டுத்தானே, அந்தப் பாட்டு. நான் அக்காவின் காதருகே குனிந்து, வேண்டாம், மங்களம் பாடிவிடு என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய பங்கைப் பாடினாள். நீ ஏறுகிற இடம் வந்தது. நிறுத்தினாள். மைக்கில், சாதாரணமாகப் பேசுகிற குரலில், "இது என் தங்கச்சி பாடற இடம்" என்றாள். வாத்தியாரும் வில்லை எடுத்துவிட்டார். தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நீ எவ்வளவு நேரம் அங்கே நிற்பாயோ அவ்வளவு நேரம் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அடுத்த வரியைச் சரியான இடத்தில் எடுத்தாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அனுபல்லவியிலும் அதே மாதிரி வந்து நின்றாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்கம் திரும்பி அந்தக் காலி விரிப்பைப் பார்த்து, நீ பாடும்போது தலையை ஆட்டுவாளே, அப்படி ஆட்டினாள். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. சரணத்தில் அவள் நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நீதிபதி கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை இரண்டும் தம்புராவில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டைக் காலர் ஈரம்.

மங்களம் முடிந்ததும் பல் டாக்டர் வந்து, குரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் மறைக்காமல், ஆபரேஷன், மேல் ஸா போய்விட்டது, மிச்சம் இருப்பதை வைத்துப் பாடினேன் என்று சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லையே, சத்தியம் வாங்கியிருக்கிறாயே என்றேன்.

"நான் சொல்லாதேன்னா நீங்க சொல்லாமலே இருந்துடுவீங்களா? என்ன மனுஷன் நீங்க?" என்று என் மேல் பாய்ந்தாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் இந்த மாதிரி சட்டத்தில் நான் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். சரி, இப்போதே போன் போட்டு நீயே சொல்லேன் என்றேன். அவள் டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பேச்சு வர ஆரம்பித்த சமயம், நீ ஒரு நாள் போன் செய்தாயாம். அவளே ஆசையாக எடுத்து "சொல்லும்மா" என்றாளாம். நீ, "அத்தானா? அக்கா எங்கே அத்தான்? அவகிட்ட குடுங்க" என்றாயாம். அவள் போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான்" என்றாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குத்தான் போலிருக்கிறது என்று நானும் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா குளிக்கிறாள் என்றோ கடைக்குப் போயிருக்கிறாள் என்றோ அவள் சைகை காட்டியபடி சொன்னேன்.

விசில், இதில் உன் தப்பு துளியும் இல்லை. இதைப் படித்துவிட்டு நீ உட்கார்ந்து அழுதால் எழுதியதற்காக நான்தான் வருத்தப்படவேண்டி வரும். அப்போது அவள் குரல் என் குரலைவிடக் கட்டையாக இருந்தது, பெற்ற தாய்க்கே தெரிந்திருக்காது. அவளுக்கும் அது தெரியும். கோபம் என்று ஒன்று அவளுக்கு உன் மேல் என்றைக்குமே இருந்ததில்லை. இத்தனை பேர் முன்னால் கிழிந்த குரலோடு உட்கார்ந்து பாட அவளுக்குப் பயம் இல்லை. ஒரு போனை எடுக்கத்தான் பயம்.

உன் கடிதத்தின் கடைசியில், அங்கே போனதிலிருந்து நீ வாயைத் திறந்து ஒரு பாட்டும் பாடவில்லை, தம்புராப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை நான் அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளும் ஒன்றை உன்னிடம் மறைத்தாள், நீயும் ஒன்றை அவளிடம் மறைக்கிறாய். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கடைக்காரனால் எவ்வளவுதான் தாங்க முடியும்? அதை நீயே அவளிடம் சொல். உன்னைத் திட்டட்டும். அவளுக்கும் திட்ட ஆள் வேண்டாமா, எத்தனை நாளைக்குத்தான் நானே வாங்கிக்கொண்டிருப்பேன்?

சகலைக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம். அங்கே குளிர் அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு நெடுங்காலம் இருக்கவேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்று, இங்கே காலை நேரமாகப் பார்த்து வீட்டுக்கு ஒரு போன் போடு. நான் எடுக்க மாட்டேன், குளிக்கப் போய்விடுவேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவிடாதே, கடைசியில் அவள் எடுப்பாள். எடுத்ததும் உடனே பேச மாட்டாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்கும். யார் பேசறது என்று கேட்டுவிடாதே அம்மா. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீ "அக்கா" என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்